பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் செட்டப் செய்து கொடுப்பது என் வேலை. அதனால் "இதை வாங்கலாமா?" என்று படம் அனுப்புகிறவர்கள் நிறைய. கிட்டார்தான் மாறுகிறது, சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

முதல் எலக்ட்ரிக் கிட்டாருக்கே செகண்ட்ஹேண்ட் போகலாமா? ரிஸ்க் இல்லையா?

தாராளமாகப் போகலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் ட்யூனர், பிரிட்ஜ், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், சுவிட்ச் எல்லாமே திருகியோ சோல்டர் வைத்தோ மாட்டியவை. கெட்டுப்போனால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். அக்கூஸ்டிக்கில் வருவது போல மேற்பலகை உப்பிக்கொள்வது, உள்ளே பிரேஸ் விட்டுப்போவது போன்ற தொல்லை இல்லை. கையிலிருக்கும் பணத்துக்குப் புதியதில் கிடைப்பதைவிட ஒரு படி மேலான கிட்டார் கிடைக்கும். பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டம் இல்லாமல் கைமாற்றியும் விடலாம்.

உங்களுக்கு இன்னும் வாசிக்க வராது என்றால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசித்துப் பார்க்காமல் தெரியாத குறைகள் சில இருக்கின்றன.

கையில எடுத்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

நெக்கை. கம்பிகள் ஓடும் அந்த நீண்ட தண்டுதான் நெக்; பெயிண்ட், பிராண்ட், வருஷம் எல்லாம் அப்புறம். முதலில் கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்யுங்கள். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக்கைப் பார்ப்பதில் பயனில்லை. பிறகு பாடிப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஸ்டாக்கை (ட்யூனர்கள் இருக்கும் நுனி) நோக்கி ஃப்ரெட்போர்டின் (நெக்கில் விரல் வைக்கும் மேற்பலகை) இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி லேசாகக் குழிந்திருந்தால் நல்லது. ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து தடித்த 6-வது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கலாம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அதிகமாகவோ இடைவெளியே இல்லாமலோ இருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் அந்த ராட் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராடைத் திருப்பும் நட் மழுங்கிப்போயிருந்தாலோ, ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியிருந்தாலோ, அந்த நெக்குக்கு மிச்சம் எதுவும் இல்லை. பழைய ஃபெண்டர்களில் ராடின் நட் பாடிப் பக்கம் இருக்கும், நெக்கைக் கழற்றினால்தான் திருப்ப முடியும். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, பாடியோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டின் நுனி மேல்நோக்கி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இது ட்ரஸ் ராடுக்குக் கட்டுப்படாது. 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே ஒவ்வொரு நோட்டாக வாசித்து, மெல்லிய கம்பிகளைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு முழு சுரம் ஏறும்படி பெண்ட் செய்யுங்கள். சத்தம் பாதியில் செத்துப்போனால் அந்த நுனியைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். சில சமயம் ஃப்ரெட்டையே பிடுங்கிவிட்டுப் போர்டைச் சீவ வேண்டியிருக்கும்.

ஃப்ரெட் தேஞ்சிருக்குன்னு சொல்றாங்க. எவ்வளவு தேஞ்சா வேண்டாம்?

முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் கம்பிக்கு நேர் கீழே சின்னப் பள்ளங்கள் தெரியும். பள்ளம் லேசானது, ஃப்ரெட்டில் உயரம் மிச்சமிருக்கிறது என்றால் லெவல் செய்து மறுபடி வட்டமாக்கினால் போதும். புது ஃப்ரெட் சாதாரணமாக 1 முதல் 1.4 மி.மீ. உயரம் இருக்கும். 0.7 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் லெவல் செய்ய உலோகம் இல்லை. மொத்தமும் மாற்ற வேண்டும்.

மாற்றுவதே பெரிய செலவு. மேப்பிள் ஃப்ரெட்போர்டாக இருந்தால் மேலே வார்னிஷும் திரும்ப அடிக்க வேண்டும் என்பதால் இன்னும் கூடும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தேய்ந்த ஃப்ரெட்டைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது என் கட்சி. பத்துப் பதினைந்து வருடம் ஒருவர் விடாமல் வாசித்த கிட்டார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. முப்பது வருடமாகியும் ஃப்ரெட் புத்தம்புதிதாக இருந்தால், ஏன் யாரும் வாசிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம் வரும்.

பாட் திருப்பினா கரகரங்குது, பிக்கப்ல ஹம் வருது. எலக்ட்ரானிக்ஸ் போச்சா?

கரகரப்பு என்றால் பெரும்பாலும் பாட், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியிலிருக்கும் பாகத்தில், சேர்ந்த தூசி. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். சிங்கிள் காயில் பிக்கப் ஹம் அடிப்பது அதன் பிறவிக் குணம். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் கிரவுண்ட் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் எங்கோ ஒயரிங் தப்பு, ஆனால் அதுவும் சின்ன வேலைதான்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மல்ட்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையில் அளந்தால் போதும். ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயிலுக்கு 5.5 முதல் 7 கிலோ ஓம் வரை, பழைய பாணி ஹம்பக்கருக்கு (ஹம் வராமலிருக்க இரண்டு காயில் வைத்த பிக்கப்) 7 முதல் 9 வரை, சத்தம் கூடிய "சூடான" ஹம்பக்கருக்கு 13, 15 என்று காட்டும். மீட்டர் நூற்றுக்கணக்கான கிலோ ஓம் காட்டினாலோ எதுவும் காட்டாமல் நின்றாலோ, அந்தப் பிக்கப்பின் காயில் அறுந்திருக்கலாம்.

ஃபெண்டர்னா 65-க்கு முன்னாடி செஞ்சதுதான், அப்புறம் எல்லாம் குப்பைன்னு சொல்றாங்களே, நிஜமா?

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாளே தொழிற்சாலையில் மரமும் ஆளும் மாறிவிடவில்லை. 1965 இறுதியில் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக் பெரிதானது. 1968 வாக்கில் நைட்ரோ வார்னிஷ் போய்த் தடித்த பாலியெஸ்டர் வந்தது. 1971-ல் ஸ்ட்ராட்டின் நெக்கைப் பிடிக்கும் நான்கு திருகு மூன்றானது. எல்லோரும் அந்த மூன்று திருகைத் திட்டுவார்கள். உண்மையில் குற்றம் திருகில் இல்லை, அளவு தவறி வெட்டிய நெக் குழியில். குழி இறுக்கமாக இருந்தால் மூன்று திருகும் நன்றாகவே பிடிக்கும். நெக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அசைந்தால் விட்டுவிடுங்கள்.

70களின் பின்பாதியில் வந்தவற்றில் நான் முதலில் பார்ப்பது எடை. கனமான ஆஷ் மரத்தில் நான்கு கிலோவைத் தாண்டியவை நிறைய உண்டு. நல்ல ஸ்ட்ராட் சுமாராக மூன்றே கால் முதல் மூன்றரை கிலோதான் இருக்கும். அதற்காக அந்தக் காலத்துக் கிட்டார் எல்லாம் குப்பை என்பது அநியாயம். ஒரு காலகட்டத்தின் பெயர் கெட்டுப்போனது என்றால், அதில் மோசமானது கைக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று மட்டும்தான் அர்த்தம். எந்தக் குறையைத் தேட வேண்டும் என்று வருஷம் சொல்லும். அந்தக் குறை இந்தக் கிட்டாரில் இருக்கிறதா என்று கைதான் சொல்லும்.

1985-ல் நிர்வாகிகள் கூட்டாகச் சேர்ந்து நிறுவனத்தை சி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கினார்கள். புல்லர்ட்டனில் இருந்த ஃபெண்டரின் பழைய தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதனால் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய ஆலை நிலைகொள்ளும் வரை ஜப்பானில் செய்தவையே பெரும்பாலும் ஃபெண்டர் பெயரில் வந்தன. 1987-ல் அறிமுகமான 22 ஃப்ரெட் அமெரிக்கன் ஸ்டாண்டர்டிலிருந்து தரம் சீரானது. பழைய கிட்டார் தேடுகிறவர்கள் வாசிக்க என்று வாங்குவதாக இருந்தால், 60களைக் கனவு காண்பதைவிட இந்த வரிசையைத் தேடுவது புத்திசாலித்தனம்.

கிப்சன்ல "நார்லின் காலம்"னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

1969 இறுதியில் ஈ.சி.எல். என்ற நிறுவனம் கிப்சனின் தாய் நிறுவனத்தை வாங்கியது. பிறகு அதன் பெயர் நார்லின் ஆனது. 1986 வரை அவர்கள் கையில்தான் கிப்சன் இருந்தது. அந்தக் காலத்து லெஸ் பால் மாடலை அடையாளம் காண்பது சுலபம். பாடியின் பக்கவாட்டில் பார்த்தால் மகாகனி அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய மேப்பிள் கோடு தெரியும்; 70களின் நடுப்பகுதி வரை இப்படித்தான். நெக் மூன்று துண்டு, பிற்பாடு மகாகனிக்குப் பதில் மேப்பிள். ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் வால்யூட் என்கிற சின்னப் புடைப்பு.

சேகரிப்பவர்கள் இந்த மூன்றையும் குறை என்பார்கள். ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வால்யூட் ஒரு வரம், ஏனென்றால் கிப்சன் உடைவது சரியாக அந்த இடத்தில்தான். குறை என்றே சொல்வதானால் எடையையும், ஒரே வருடத்தில் வந்த இரண்டு கிட்டார்களுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தையும் சொல்வேன். 1965 முதல் 60களின் இறுதி வரை வந்த கிப்சன்களில் இன்னொரு பொறி உண்டு. நட்டின் (ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கம்பிகள் உட்காரும் பட்டை) அகலம் 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, வழக்கமான 43 அல்ல. விரல் தடித்தவர்களுக்கு அது சிறைதான். வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

புதியவற்றிலும் பெயர் கெட்ட வருடங்கள் உண்டு. 2015 மாடல்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் வைத்த தானியங்கி ட்யூனரும் பித்தளை நட்டும் அகலமான நெக்கும் வந்தன, சந்தையில் எடுபடவில்லை. ட்யூனரைக் கழற்றிச் சாதாரண ட்யூனர் மாட்டிவிட்டால் நல்ல கிட்டார். அகல நெக் பிடிக்கும் என்றால் தைரியமாகப் பேரம் பேசலாம்.

80கள் ஜப்பான் கிட்டார் அமெரிக்காவைவிட மேல்னு ஒரே பேச்சா இருக்கு. "லாசூட் கிட்டார்"னு வேற போடறாங்க?

லாசூட் என்றால் வழக்கு; அமெரிக்க மாடலை நகலெடுத்து வழக்கில் சிக்கிய கிட்டார் என்ற பொருளில் வரும் அந்தச் சொல்லை விற்பவர்கள் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். வழக்கு ஒன்றுதான். 1977-ல் நார்லின், ஜப்பானிய பிராண்டான ஐபனேஸின் அமெரிக்க வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட எல்ஜர் மீது ஃபிலடெல்ஃபியாவில் போட்டது. அதுவும் ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றி. கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாகப் போய்விட்டார்கள். டோக்காய், கிரேக்கோ, பர்னி என்ற ஜப்பானிய பிராண்டுகள் எல்லாவற்றையும் லாசூட் என்று விற்பது விலை ஏற்றத்தான்.

தரம் என்று பார்த்தால், 1982-ல் ஃபெண்டர் ஜப்பானுக்காகவும் ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயருக்காகவும் ஃபூஜிஜென் ஆலை செய்த, சீரியல் எண் ஜே.வி. என்று தொடங்கும் கிட்டார்கள் உண்மையிலேயே அருமையானவை. அதற்காக ஜப்பானில் செய்தது எல்லாமே அருமை என்றாகாது. அவர்களே ஒவ்வொரு விலைக்கும் ஒரு கிட்டார் செய்தார்கள், மாடல் பெயரிலேயே அதை எழுதியும் வைத்தார்கள். எஸ்.டி.62-55 என்றால் 55,000 யென், எஸ்.டி.62-115 என்றால் 1,15,000 யென். கிரேக்கோ ஈ.ஜி.500 என்றால் 50,000 யென். ஆகவே "ஜப்பானா?" என்று கேட்டு நிறுத்தாமல் "எந்த எண்?" என்று கேளுங்கள். குறைந்த எண்களில் பாஸ்வுட் பாடி, சின்ன பாட், மெலிந்த ஒயர் இருக்கும். நெக் வேலை மட்டும் கீழ்ப்படியிலும் சுத்தமாக இருக்கும்.

அப்போ மெக்சிகோ, கொரியா, இந்தோனேசியா, சீனா… இதுல எது நல்லது?

நாட்டை வரிசைப்படுத்தாதீர்கள், வருஷத்தையும் விலைப் படியையும் சேர்த்துப் பாருங்கள். மெக்சிகோவின் என்செனாடாவில் ஃபெண்டர் ஆலை 1987-ல் தொடங்கியது. 90களின் ஸ்டாண்டர்ட் மாடல்களில் பெரும்பாலும் அடியில் செராமிக் காந்தம் வைத்த மலிவான பிக்கப். நெக் நன்றாக இருந்தால் பிக்கப்பை மாற்றிவிட்டு வருடக்கணக்கில் வாசிக்கலாம். கிப்சனின் மலிவு பிராண்டான எபிஃபோன் 70களில் ஜப்பான், 80களிலிருந்து கொரியா, 2004-லிருந்து சீனாவின் சிங்தாவ் என்று நகர்ந்தது. பி.ஆர்.எஸ். என்ற அமெரிக்க பிராண்டின் மலிவு வரிசையான எஸ்.ஈ.யும் கொரியாவில் தொடங்கியது. 2019-ல் அதன் பெரும்பகுதி இந்தோனேசியாவில் கோர்டெக் ஆலைக்குப் போனது.

கணினி இயந்திரம் மரத்தை வெட்ட ஆரம்பித்த பிறகு, மலிவுக் கிட்டாருக்கும் விலை உயர்ந்ததற்கும் இடையே நெக் குழி, ஸ்கேல் அளவு (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) போன்றவற்றில் வித்தியாசம் சுருங்கிவிட்டது. மிச்சம் இருப்பது ஃப்ரெட் நுனி எவ்வளவு வழவழப்பு, நட் எவ்வளவு ஒழுங்காக வெட்டப்பட்டது, ட்யூனரும் சுவிட்சும் எத்தனை நாள் தாங்கும் என்பவை. 80களின் இறுதியில் வந்த மலிவான கொரியக் கிட்டாரில் பாடி பிளைவுட்டாகக்கூட இருக்கலாம். பிக்கப் குழியைத் திறந்தால் அடுக்கு தெரிந்துவிடும். அதே விலைப் படியில் 2015-க்குப் பிறகு வந்த இந்தோனேசியக் கிட்டாரைத்தான் நான் எடுப்பேன்.

சீரியல் நம்பரை வச்சு வருஷம் கண்டுபிடிச்சிடலாம்ல?

சிலவற்றில் மட்டும். கிப்சனில் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம். முதல் இலக்கமும் ஐந்தாவதும் வருஷம், நடுவில் மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றால் 1985-ன் 276-வது நாள், அதாவது அக்டோபர் 3. ஆனால் 1970 முதல் 1975 வரை கிப்சன் 60களில் போட்ட எண்களையே மறுபடி போட்டது. அப்போது ஹெட்ஸ்டாக்கின் பின்னால் "மேட் இன் யு.எஸ்.ஏ." முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது 1970-லிருந்துதான் வந்தது. 1967 என்று விற்கும் கிட்டாரில் அந்த முத்திரை இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அமெரிக்க ஃபெண்டரில் 1976-லிருந்து எழுத்து பத்தாண்டையும் எண் வருடத்தையும் சொல்லும். எஸ். என்றால் 70கள், ஈ. என்றால் 80கள், என். என்றால் 90கள், என்.4 என்றால் 1994. இதிலும் வழுக்கல் உண்டு. ஈ.4 ஸ்டிக்கர் 1987 வரை ஒட்டப்பட்டது. 1976-க்கு முன், நெக் பாடியோடு சேரும் இடத்து உலோகத் தகட்டில் (நெக் பிளேட்) போட்ட எண்கள் வரிசையாகவே போகாது. எண் ஒரு குறிப்பு, அத்தாட்சி இல்லை.

சரி, எல்லாமே ஒரிஜினல்னு சொல்றார். எப்படி நம்பறது?

உள்ளே திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அமெரிக்கக் கிட்டார்களில் பாட்டின் முதுகில் ஆறு அல்லது ஏழு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று செய்தவர் யார் என்பது: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். மீதி வருடமும் வாரமும். 1377633 என்றால் சி.டி.எஸ்., 1976, 33-வது வாரம். கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பின்னால் எவ்வளவு காலம் கழித்து என்று மட்டும் இது சொல்லாது. 1966-ல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிய பாட்கள் 1969 வரை கிட்டார்களில் போய்க்கொண்டிருந்தன.

சோல்டரைப் பாருங்கள். பழைய சோல்டர் மங்கலாக இருக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ட்யூனருக்குப் பின்னால் வேறு திருகுத் துளைகள் இருந்தால் ட்யூனர் மாறியிருக்கிறது. வாசிப்பதற்கு இது எதுவும் குறையே இல்லை. ஒரிஜினல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும்தான் குறை.

ஹெட்ஸ்டாக் உடைஞ்சு ஒட்டினது பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

வாசிக்க என்றால் வாங்கலாம். திரும்ப விற்கும் எண்ணமிருந்தால் வேண்டாம். மரத்தின் நாருக்கு நெடுக நீண்டு பிளந்து, நல்ல பசை போட்டு ஒட்டியது உறுதியாக நிற்கும். குறுக்கே சட்டென்று முறிந்ததை வெறும் பசையால் ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். உள்ளே மரத்துண்டு பதித்து வலுக்கூட்டியிருக்க வேண்டும். நகத்தால் அந்த இடத்தைத் தடவுங்கள், கோடு தட்டக்கூடாது. ஒட்டி எத்தனை நாள் ஆனது என்றும் கேளுங்கள். ஒரு வருடம் முழு இழுவிசையில் நின்ற ஒட்டு, நேற்று ஒட்டியதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

உடைந்ததை மறைக்கவே சிலர் நெக்குக்குப் பின்னால் மட்டும் பெயிண்ட் அடிப்பார்கள். மற்ற இடமெல்லாம் பழசாகி அங்கே மட்டும் வண்ணம் புதிதாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் பழைய நைட்ரோ வார்னிஷ் மஞ்சள் பச்சையாக ஒளிரும், புதிதாகப் பூசிய இடம் தனியாகத் தெரியும்.

போலி கிப்சனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். நிஜ கிப்சனில் வழக்கமாக இரண்டு திருகு, போலிகள் பலவற்றில் மூன்று. அடுத்து ஹெட்ஸ்டாக்கின் பக்கவாட்டு. கிப்சன் நெக்கையும் ஹெட்ஸ்டாக்கையும் ஒரே மரத்தில் வெட்டி, இரண்டு ஓரத்திலும் சின்னத் துண்டு ஒட்டும். நெக்கின் பின்னால் சாய்வாக இணைப்புக் கோடு தெரிந்து, ஹெட்ஸ்டாக் தனித் துண்டாக இருந்தால் அது கிப்சன் இல்லை. எபிஃபோனில் அப்படி இருக்கலாம், அது போலியல்ல.

மூடியை மாற்றிவிட முடியும் என்பதால் ஒரே அடையாளத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். சீரியல் எண்ணுக்கும் மாடலுக்கும் பொருந்துகிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். பாட்டின் முதுகையும் பாருங்கள்.

ஃபிளாய்டு ரோஸ் வச்சது எடுக்கலாமா?

ஃபிளாய்டு ரோஸ் என்பது பாரை அழுத்தியும் இழுத்தும் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ். அது இரண்டு தூண்களின் மேல் கத்தி முனை போன்ற விளிம்பில் நிற்கிறது; அந்த விளிம்பு மழுங்கியிருந்தால் சுருதி நிற்காது. பாரை நன்றாக அழுத்தி விடுங்கள், அப்புறம் இழுத்து விடுங்கள். இரண்டு தடவையும் அதே சுருதிக்குத் திரும்பினால் சரி. உரிமம் வாங்கிச் செய்த மலிவு வகைகளில் உலோகம் மென்மையானது, சீக்கிரம் தேயும். ஐபனேஸின் எட்ஜ் பிரிட்ஜ் பல வருடம் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய மரம் காய்ஞ்சு டோன் நல்லா வரும்னு சொல்றாங்களே?

எலக்ட்ரிக்கில் கேட்பதில் பெரும்பங்கு பிக்கப், கம்பி, ஆம்ப். மரத்தின் வயதுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். நெக்கின் வயதுக்கு மட்டும் ஒரு மதிப்பு உண்டு. முப்பது வருடம் கம்பி இழுத்தும் நேராக நிற்கிற நெக் இனிமேலும் நிற்கும் என்று நம்பலாம்.

60களின் கிட்டாரை வேற நாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

ஃப்ரெட்போர்டு என்ன மரம் என்று முதலில் கேளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். 60களின் நடுப்பகுதி வரை ஃபெண்டரும் கிப்சனும் அதைத்தான் பெரும்பாலும் போட்டன. மற்ற ரோஸ்வுட்களுக்கு 2017 ஜனவரியில் வந்த கட்டுப்பாடு, முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் தளர்ந்துவிட்டது. பத்திரம் யார் எடுப்பது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள்.

நேர்ல பார்க்க முடியாது, படம் மட்டும்தான். என்ன கேட்கணும்?

பாடிப் பக்கத்திலிருந்து நெக் நெடுகப் பார்த்து எடுத்த படம், முதல் ஐந்து ஃப்ரெட் நெருக்கமாக, ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கமும் பக்கவாட்டும், திறந்த நிலையில் பாட்கள், எடை காட்டும் தராசு. அப்புறம் எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு நோட்டாக வாசித்த வீடியோ ஒன்று. பாட்டு வாசித்துக் காட்டுவது வேண்டாம், நல்ல கை எந்தக் குறையையும் மறைத்துவிடும். ட்ரஸ் ராட் திரும்புகிறதா, எங்கேயாவது உடைந்து ஒட்டியதா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுப்பும்போது கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கைச் சுற்றிலும் மெத்தை வைக்கச் சொல்லுங்கள். கிப்சன் மாதிரிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ளவை பெட்டிக்குள்ளேயே உடைந்து வருவது உண்டு.